முடியாத இயலை மேசையில் வைத்தல்: ஆய்வு மாணவர் துணைக்குழு ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் பல்கலைக்கழக மகளிர் விடுதியின் இரண்டாம் தளத்தில் ஐந்தாண்டுகளாகத் தங்கியிருந்த முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், ஒரு மே மாத நண்பகலில் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார். அவர் ஆய்வேட்டை ஒப்படைக்கவில்லை என்பதும், இனி ஒப்படைக்கப்போவதில்லை என்பதும் இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிரவு உணவுக்கூடத்தில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய ஆய்வுத் தலைப்பு என்ன என்று ஒருவர் கேட்டார். அவருடைய ஊர், அவருடைய அம்மாவுக்கு இருந்த நோய், அவருக்குப் பிடித்த குழம்பு எல்லாம் அறிந்திருந்த எங்களில் ஒருவராலும் அந்தத் தலைப்பை முழுமையாகச் சொல்ல முடியவில்லை. ஐந்தாண்டுகள் ஒருவர் நாள்தோறும் செய்துவந்த வேலையைப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் அறியாமலே இருந்திருக்கிறோம் என்ற எண்ணம் எங்களை உறங்கவிடவில்லை. இங்கே எழுதப்படும் துணைக்குழு அந்த இரவில்தான் முளைத்தது.

குழுவின் தொடக்கம் முதல் நான் அதில் இருந்தேன். பெரும்பாலான கூட்டங்களின் குறிப்பேட்டையும் நானே வைத்திருந்தேன். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தை உள்ளடக்கிய இந்தப் பதிவு, பங்கேற்றவர்களின் இசைவோடு எழுதப்படுகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெயர், ஊர், நெறியாளர் விவரம் ஆகியவை விடப்பட்டுள்ளன. குழு எதைச் சரியாகச் செய்தது என்பதோடு, எங்கே தவறியது, யாருக்கு அதனால் பயன் இல்லாமற்போனது என்பதையும் எழுதுவது எனக்குக் கடமையாகப் படுகிறது.

பின்னணி

உயர்கல்வி குறித்த அனைத்திந்தியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் 2014-15இல் 1.17 லட்சம் பேர்; 2021-22இல் அது 2.12 லட்சமாகியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒருவர் குறைந்தது மூன்று ஆண்டுகளும், அதிக அளவாக ஆறு ஆண்டுகளும் ஆய்வில் இருக்கலாம். மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டுகளும் கிடைக்கும். இந்த நீண்ட காலத்தில் ஆய்வாளர் தம் வேலையைப் பிறர் முன் வைப்பதற்கு விதி வழங்கியுள்ள இடம், பருவத்துக்கு ஒரு முறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழு மட்டுமே. அங்கே அமர்ந்திருப்பவர்கள் நம் வேலை தொடரலாமா என்று கையெழுத்திடுபவர்கள். அவர்கள் எவ்வளவு கனிவானவர்களாக இருந்தாலும், அவர்கள் முன்னால் யாரும் தம் குழப்பத்தைக் கொண்டுபோய் வைப்பதில்லை. தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, தெளியாததை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதற்கோ ஏற்படுவதற்கோ வாய்ப்பு இருப்பதாகக் கண்டது. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, வேலைச்சுமை, நெறியாளர் வழிநடத்தும் விதம் ஆகியவை அதனோடு தொடர்புடையவை என்றும் அந்த ஆய்வு சொன்னது. அந்த நாட்டின் சூழல் வேறு, நம்முடையது வேறு. ஆயினும் உதவித்தொகை தாமதமாவதும், வீட்டுக்குப் போகும்போதெல்லாம் 'எப்பம்மா முடிப்ப?' என்ற கேள்வி வாசலிலேயே காத்திருப்பதும் சேர்ந்துகொள்ளும்போது, இங்கேயும் அந்தச் சுமை குறைவாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

முதல் மூன்று மாதங்கள்

தமிழ்த் துறையில் இருவர், வரலாறு, வேதியியல், தாவரவியல், சமூகவியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஒவ்வொருவர் என ஏழு பேரோடு குழு தொடங்கியது. இருவருக்கு ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்துவந்தது. 2023 ஜனவரி முதல் அத்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. இருவர் பள்ளியிலும் கல்லூரியிலும் பணியாற்றிக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தவர்கள். மற்ற மூவருக்கும் நிலையான வருவாய் ஏதும் இல்லை. சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, பூட்டியே கிடந்த ஒரு பழைய கருத்தரங்க அறையில் கூடினோம்.

அந்த மூன்று மாதங்களும் நாங்கள் பேசியதெல்லாம் குறைகள்தான். நெறியாளர் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாதது, கையெழுத்துக்காக நான்கு நாள் அலைந்தது, கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப்போட வைத்தது, ஆய்வகத்தில் வேதிப்பொருள் தீர்ந்து இரண்டு மாதம் ஆனது எனப் பலவும் வந்தன. சொல்லப்பட்டவை உண்மையானவை, சொல்லப்பட வேண்டியவையும்கூட. முதல் இரண்டு கூட்டங்களில் பலருக்கும் கண் கலங்கியது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் ஐந்தாம் கூட்டத்திலும் அதே பேச்சு, எட்டாம் கூட்டத்திலும் அதே பேச்சு. வேதியியல் ஆய்வாளர் ஒருநாள், 'அக்கா, சனிக்கிழமை இங்க வந்துட்டுப் போனா எனக்கு ஞாயிறு முழுக்க வேலை ஓடல' என்றார். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னார். அடுத்த வாரம் நான்கு பேர் வந்தோம், அதற்கு அடுத்த வாரம் இருவர். அதற்குள், அறையில் பேசிய ஒரு வாசகம் எப்படியோ வெளியே போய், ஒருவருடைய நெறியாளரின் காதை எட்டியிருந்தது. குழு நின்றுபோனது.

ஒருவர் தம் துன்பத்தைச் சொல்வதும் மற்றவர் கேட்பதும் துணை என்ற பெயரில் நாங்கள் அறிந்திருந்த ஒரே வடிவம். அதற்குமேல் எங்களுக்குத் தெரியவில்லை. விடுதியை விட்டுப் போனவரின் தலைப்பு தெரியவில்லையே என்ற கவலையில் தொடங்கியவர்கள், மூன்று மாதம் கழித்தும் ஒருவர் தலைப்பை ஒருவர் சரியாக அறிந்திருக்கவில்லை. இதைக் கணினி அறிவியல் ஆய்வாளர் சுட்டிக்காட்டியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

மாற்றி அமைத்தது

ஆறு வாரங்களுக்குப் பிறகு, ஆய்வைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ஆய்வையே மேசைமேல் வைத்துப் பேசுவது என்ற முடிவோடு மீண்டும் கூடினோம். வாரத்துக்கு ஒருவர். எட்டுப் பக்கத்துக்கு மிகாத ஒரு பகுதியை அவர் புதன்கிழமை இரவுக்குள் அனுப்பிவிட வேண்டும். அந்தப் பகுதி முடிக்கப்படாததாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அச்சிட ஏற்கப்பட்ட கட்டுரையையோ, நெறியாளர் திருத்தி முடித்த இயலையோ கொண்டுவந்தால் ஏற்பதில்லை. பகுதியின் தலைப்புக்கு மேலே, எழுதியவர் தமக்கு இப்போது முட்டுக்கட்டையாக இருப்பது எது என்பதை ஒரே ஒரு கேள்வியாக எழுத வேண்டும். இந்தக் கேள்வியை எழுதுவதற்கே இரண்டு நாள் ஆனது என்று பலரும் பிற்பாடு சொன்னார்கள்.

பவர்பாயின்ட் வேண்டாம் என்று முடிவு செய்தோம். எண்ணிட்ட வரிகளும் அம்புக்குறிகளும் திரையில் ஏறிவிட்டால், பாதி வெந்த சிந்தனையும் முடிந்துபோனது போலத் தோன்றும்; கேட்பவர்களுக்குக் கைவைக்கத் துணிவு வராது. எழுதியவர் பத்து நிமிடம் வாயால் பேசுவார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவரும், அந்தப் பகுதி என்ன சொல்வதாகத் தாம் புரிந்துகொண்டார் என்பதைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும். எழுதியவர் அப்போது குறுக்கிடக் கூடாது. நடைமுறையில் மிகுந்த பயன் தந்தது இந்தப் பகுதியே. ஆறு பேர் ஆறு விதமாகப் புரிந்துகொண்டதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பது கடினம். ஆனால் அவர்களில் மூவர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வழுக்கினால், அந்த இடத்தில் எழுத்து வழுக்குகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். அதன் பிறகு கேள்விகள், கேள்விகள் தீர்ந்த பின்னரே யோசனைகள்.

கடைசிக் கால் மணி நேரத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கைமாறும். அடுத்த சனிக்கிழமைக்குள் தாம் முடிக்கவிருப்பதை ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு வரி எழுதுவார்கள். 'மூன்றாம் இயல்' என்று எழுதினால் செல்லாது. 'மூன்றாம் இயலில் இரண்டாம் அட்டவணைக்குக் கீழே வரும் விளக்கம்' என்று எழுத வேண்டும். அடுத்த வாரம் அதே வரிக்கு எதிரே, முடிந்தது அல்லது முடியவில்லை என்று எழுதினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் கேட்கத் தொடங்கினால் அதுவும் இன்னோர் ஆலோசனைக் குழுவாகிவிடும் என்று தாவரவியல் ஆய்வாளர் பிடிவாதமாக இருந்தார். அது எவ்வளவு சரியான பிடிவாதம் என்பது, 'முடியவில்லை' என்று தொடர்ந்து ஐந்து வாரம் எழுதிய ஒருவர் ஆறாம் வாரமும் வந்தபோது எனக்குப் புரிந்தது.

குழிக் கணக்கு

ஒரு கூட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வரலாற்று ஆய்வாளர், ஆற்றங்கரையில் அமைந்த, அன்று 'நாடு' எனப்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவில், சோழர் காலத்தில் கோயில்களுக்கு அளிக்கப்பட்ட நிலக்கொடைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து கொடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் கொடுத்தது, எந்த ஆட்சியாண்டு, எவ்வளவு நிலம் என்று அட்டவணை இட்டு, கடைசியில் நூறாண்டுகளில் மொத்தம் இத்தனை வேலி நிலம் கோயில்களின் வசம் சென்றது என்று கூட்டித் தந்திருந்தார். அந்தக் கூட்டுத்தொகைதான் இயலின் முடிவுக்கே அடித்தளம். அவர் மேலே எழுதியிருந்த கேள்வி, இந்த வளர்ச்சியை அரச ஆதரவின் விளைவாகக் கொள்வதா, உள்ளூர் வணிகரின் செல்வ வளர்ச்சியாகக் கொள்வதா என்பது.

அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் விடை இல்லை. தமிழ்த் துறையினர் கொடையாளர் பெயர்களைப் பற்றிச் சிறிது பேசினார்கள். வேதியியல் ஆய்வாளர் நெடுநேரம் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அண்ணா, ஒரு குழின்னா எவ்வளவு?' என்று கேட்டார். தஞ்சைப் பகுதி வழக்கப்படி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று வரலாற்று ஆய்வாளர் தடையின்றிச் சொன்னார். 'அந்த 144 எப்படி வருது?' 'பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தால், பன்னிரண்டும் பன்னிரண்டும்.' 'எல்லா ஊர்லயும் ஒரே கோலா?'

அறை அமைதியானது. வரலாற்று ஆய்வாளர் தம் பையிலிருந்து குறிப்பட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். நீலமையில், பொடி எழுத்தில், ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் அவர் கோலின் அளவைக் குறித்துத்தான் வைத்திருந்தார். சிலவற்றில் பதினாறு சாண் கோல், சிலவற்றில் பன்னிரண்டு சாண் கோல், ஓரிரண்டில் பதினெட்டடிக் கோல். பலவற்றில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. கல்வெட்டில் கோல் குறிப்பிடப்படவில்லை. அட்டவணைக்கு வரும்போது, இடம் போதாததால் அந்தப் பத்தியை விட்டிருக்கிறார். ஒரு சாணை முக்கால் அடி என்று கொண்டால், பதினாறு சாண் கோலின் குழி 144 சதுர அடி, பன்னிரண்டு சாண் கோலின் குழி 81 சதுர அடி, பதினெட்டடிக் கோலின் குழி 324 சதுர அடி. ஒரே சொல்லின் கீழ் ஒன்றுக்கு நான்கு என்ற அளவுக்கு வேறுபட்ட நிலங்களை அவர் கூட்டியிருந்தார். ஒரு மாவுக்கு இத்தனை குழி என்ற கணக்கும் ஊருக்கு ஊர் மாறியிருந்தது.

ஆலோசனைக் குழு அந்த இயலை இரண்டு முறை பார்த்து ஏற்றிருந்தது. அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோல் மாறும் என்பது துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். தெரிந்த காரணத்தாலேயே, ஆய்வாளர் அதைக் கவனித்திருப்பார் என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். எண்ணைக் கண்டால் முதலில் அலகைக் கேட்பது வேதியியலாரின் பழக்கம். அந்தப் பழக்கம் கல்வெட்டை வந்து தொட்டது. அதுவும், பாதியில் நிற்கும் இயல் என்று தெரிந்திருந்ததால்தான் கேட்கத் துணிந்ததாக அவர் பிறகு என்னிடம் சொன்னார். முடிந்த புத்தகமாக இருந்திருந்தால், தனக்குத் தெரியாத ஏதோ கணக்கு அதில் இருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பாராம்.

வரலாற்று ஆய்வாளர் அந்த அட்டவணையைக் கோல் வாரியாகப் பிரித்து, கோல் குறிப்பிடப்படாதவற்றுக்குத் தனிப் பகுதி கொடுத்து, மொத்தக் கூட்டுத்தொகையை நீக்கிவிட்டார். ஏழு வாரங்கள் ஆயின. நோட்டில் அந்த ஏழு வாரமும் அவர் பெயருக்கு எதிரே 'கோல்' என்ற சொல் மட்டும் இருக்கிறது. நூறாண்டுகளில் இத்தனை வேலி என்று உரக்கச் சொன்ன இயல், இப்போது எந்தெந்த ஊர்களில் எதை ஒப்பிடலாம், எதை ஒப்பிடக் கூடாது என்று அடங்கிய குரலில் பேசியது. நான் அதைப் படித்தபோது முந்தையதைவிட அதையே நம்பினேன்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. சாயக்கழிவு நீரிலிருந்து நிறத்தை நீக்க, சீமைக்கருவேல மரக்கரியைப் பயன்படுத்தும் சோதனையை வேதியியல் ஆய்வாளர் விளக்கினார். எழுதியது ஆங்கிலத்தில் என்றாலும், பேசுவது தமிழில் என்பது எங்கள் ஏற்பாடு. அவர் திரும்பத் திரும்பக் கரி சாயத்தை 'உறிஞ்சுகிறது' என்றார். பள்ளியில் தமிழ்வழி மாணவர்களுக்கு வகுப்பெடுத்த பகுதிநேர ஆய்வாளர், மேல்நிலைப் பாடநூலில் உறிஞ்சுதலும் பரப்புக் கவர்தலும் வேறு வேறாயிற்றே, நீங்கள் சொல்வது எது என்று கேட்டார். சாயம் கரியின் உள்ளே போய்விடுகிறதா, பரப்பில் ஒட்டி நிற்கிறதா என்ற அந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது (absorption, adsorption) ஓர் எழுத்து மாற்றத்தில் அவர் கடந்துவிட்டிருந்தார். தமிழில் சொல்ல வந்தபோது அதை விளக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியவில்லை. அவர் இயலின் முன்னுரையைத் திருத்தி எழுதியது அதன் பிறகுதான்.

தவறிய இடங்கள்

தமிழ்த் துறை ஆய்வாளர் ஒருவருடைய இரண்டாம் இயலைப் படித்த நாங்கள், அதன் வைப்புமுறையை மாற்றும்படி ஒருமித்துச் சொன்னோம். அவர் ஒரு மாதம் உழைத்து மாற்றினார். நெறியாளர் அதை ஏற்கவில்லை. பழைய வரிசைக்குத் தக்க காரணம் அவரிடம் இருந்தது. அந்தக் காரணத்தை நாங்கள் கேட்கவே இல்லை. இடையில் மாட்டிக்கொண்ட அந்த ஆய்வாளருக்கு ஒரு மாத உழைப்பு வீணாயிற்று, நெறியாளரோடு இருந்த நல்லுறவிலும் சிறிது விரிசல் விழுந்தது. ஒருவருடைய ஆய்வேட்டுக்குப் பொறுப்பேற்கப்போவது நாங்கள் அல்லர் என்ற எளிய உண்மையை மறந்து பேசியிருக்கிறோம். அன்று முதல், அமைப்பைத் தொடும் எந்த யோசனையையும் 'இதை நெறியாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்' என்று கேள்வியாக மாற்றித் தருவது வழக்கமாயிற்று.

இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. சமூகவியல் ஆய்வாளர், பின்னலாடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்த பெண்களின் நேர்காணல்களைக் கொண்டுவந்தார். பெயர்களை மாற்றியிருந்தார். ஆனால் ஒரு பெண் தன் அண்ணனின் விபத்தைப் பற்றிச் சொன்ன நான்கு வரிகளைப் படித்த உடனே, குழுவில் ஒருவருக்கு அந்தக் குடும்பம் எது என்று தெரிந்துவிட்டது. இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். நல்ல வேளையாக அவர் அதை அங்கேயே வெளிப்படையாகச் சொன்னார். நம்பிச் சொன்ன ஒரு பெண்ணின் வாழ்க்கையை, அவருடைய அனுமதி எல்லைக்கு வெளியே ஏழு பேர் கைபேசியில் வைத்திருந்தோம். எல்லோரும் அப்போதே அந்தக் கோப்பை அழித்தோம். களத்தரவு எதுவானாலும், பெயரோடு நிகழ்ச்சி விவரங்களையும் மாற்றியோ நீக்கியோதான் அனுப்ப வேண்டும், தாளில் கொடுத்தால் கூட்டம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது. இந்த விதி முதல் நாளே இருந்திருக்க வேண்டும். மானியக் குழு, ஆய்வாளர்கள் தொடக்கத்தில் படித்துத் தேர வேண்டிய பாடப் பயிற்சியான கோர்ஸ் ஒர்க்கில் கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு அறம் என்ற தாளை நாங்கள் எல்லோரும் எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கணினி அறிவியல் ஆய்வாளருக்கு எங்களால் பெரிதாக உதவ முடியவில்லை. அவருடைய சிக்கல், நிரலுக்குள் ஆழத்தில் இருந்தது. நாங்கள் கேட்ட கேள்விகள் மேற்பரப்பைத் தாண்டவில்லை. ஓராண்டுக்குப் பிறகு அவர் தம் துறையினர் நால்வரைச் சேர்த்துத் தனியே ஒரு குழு அமைத்துக்கொண்டார். பல துறையினர் கூடும் குழுவால் நடப்பதும் ஒரே துறையினர் கூடும் குழுவால் நடப்பதும் வேறு வேறு. இரண்டும் கிடைப்பவர் பேறு பெற்றவர்.

அறைக்கு வெளியே

முறையான இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் தேநீர்க் கடையில் பரிமாறிக்கொண்டவையும் குழுவின் பயன்களே. கைக்குழந்தையோடு இருந்த பகுதிநேர ஆய்வாளர், ஆறாண்டு முடியப்போகிறது, பதிவு நீங்கிவிடும் என்று அஞ்சிக்கொண்டிருந்தார். பெண்களுக்கான கூடுதல் இரண்டாண்டும், ஆய்வுக் காலத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதியில் இருப்பதை அவருக்கு அலுவலகத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னொருவர், பத்து நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் ஆய்விதழுக்குப் பணம் கட்டவிருந்தார். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2016 விதிமுறையில் இருந்த கட்டாயம் 2022 விதிமுறையில் எடுக்கப்பட்டுவிட்டது என்பதும், தம் பல்கலைக்கழகம் தனியே நிபந்தனை வைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தன. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்துத் தந்த மானியக் குழுவின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகு, ஓர் இதழ் நம்பத்தக்கதா என்பதை ஆசிரியர் குழுவையும் பழைய இதழ்களையும் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத் தனியே செய்வதைவிட நான்கு பேர் சேர்ந்து செய்வது எளிது.

மனம் மிகவும் தளர்ந்துபோன ஒருவரும் எங்களிடையே இருந்தார். இரண்டு வாரம் ஒருவர் வராமலும் பேசாமலும் இருந்தால், ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது என்று வைத்திருந்தோம். அப்படிப் போனபோதுதான் தெரிந்தது. அன்று நாங்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அவரோடு உட்கார்ந்து அழைத்தோம், மறுநாள் மருத்துவரிடம் கூடவே போனோம். பாதி இயலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் தகுதி இல்லை என்பதை அறிந்திருந்தது அன்று அவரைக் காத்தது என்று நம்புகிறேன். மூன்று மாதம் கழித்து வந்தார். அன்று அவர் கொண்டுவந்தது ஒன்றரைப் பக்கம். அதற்கும் முழு இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தோம்.

இறுதியாகப் போனவர்

ஏழு பேரில் மூவர் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டார்கள். வரலாற்று ஆய்வாளரின் வாய்மொழித் தேர்வில், புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே கோல்களைப் பற்றியதாக இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வேதியியல் ஆய்வாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ்த் துறையின் இரண்டாம் ஆய்வாளர் முடிக்கவில்லை. டெல்டா மாவட்டங்களில் நடவுப் பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்த அவருக்கு, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் இடம் கிடைத்து, தொலைவில் உள்ள ஓர் ஊரில் அரசுப் பள்ளிப் பணி அமைந்தது. தந்தை இல்லாத வீட்டில் அவர் மூத்தவர். பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். ஆனால் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமையைத் தமக்கு ஒதுக்கும்படி கேட்டார்.

அன்று அவர் எட்டுப் பக்க விதியை மீறினார். நான்காண்டுகளில் பதிவு செய்த எல்லாப் பாடல்களுக்கும் ஒரு பட்டியல் கொண்டுவந்திருந்தார். ஊர், நாள், பாடியவரின் வயது, பாட்டின் முதலடி, எந்தப் பட்டத்து நடவில் பாடுவது, ஒலிக்கோப்பின் எண். நடவு எந்திரம் வந்த ஊர்களில் பாட்டு எப்படிச் சுருங்கி, கோயில் விழாவில் மேடையேறும் நாலு வரியாக நின்றுவிட்டது என்பது அவர் எழுத நினைத்த இயல். அதை எழுதாமலே ஒன்றரை மணி நேரம் சொன்னார். நாங்கள் வழக்கம்போல ஒவ்வொருவராக, புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொன்னோம். அவர் வழக்கம்போலக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, பட்டியலின் ஒரு படியையும் ஒலிக்கோப்புகளையும், அதே துறையில் புதிதாகச் சேர்ந்து எங்கள் குழுவுக்கு வந்திருந்த தங்கையிடம் கொடுத்தார்.

பட்டியலின் கடைசிப் பத்திக்கு 'திருப்பித் தர வேண்டியது' என்று தலைப்பிட்டிருந்தார். பாடியவர்களில் பதினொரு பேர், தம் குரலைத் தமக்கும் ஒரு படி தரும்படி கேட்டிருக்கிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு கொண்டுவருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். நோட்டு அன்று கைமாறியபோது, அந்தப் பதினொரு பேரையும் நாங்கள் எங்களுக்குள் பிரித்து எழுதிக்கொண்டோம்.

எனக்கு வந்தது ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு சிற்றூர். இரண்டு பேருந்து மாறிப் போனேன். பாடிய அம்மா திண்ணையில் இருந்தார், எழுபதைக் கடந்தவர். பென்டிரைவை அவர் பேரனிடம் கொடுத்தேன். அவன் தொலைக்காட்சியில் செருகிப் போட்டான். நாற்று முடி அவிழ்க்கும்போது பாடுகிற பாட்டு. அம்மா இரண்டு வரி கேட்டுவிட்டு, இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு போன பொண்ணு என்ன படிச்சுது என்று என்னிடம் கேட்டார். அவருடைய ஆய்வுத் தலைப்பை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.